வாக்குரிமையும் மறுமைக் கேள்வியும்

சென்னை கிண்டியில், சர்தார் படேல் சாலையை ஒட்டிக் காந்தி மண்டபம் இருக்கிறது. ராஜாஜியின் நினைவாலயமும் காமராசரின் நினைவாலயமும் அந்த வளாகத்திலேயே அமைந்துள்ளன. சற்றுத் தொலைவில், அமைச்சர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கும் ஆளுநரின் மாளிகை. சாலையின் மறுபுறம் அண்ணா பல்கலைக் கழகம். 2019, 2024 தேர்தல்களில் தென்சென்னை மக்களவைத் தொகுதியின் வாக்குகள் அங்கேதான் எண்ணப்பட்டன. ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பதும், அவர்கள் பதவி ஏற்பதும், முடிவில் மண்ணோடு மண்ணாகி நினைவுச் சின்னமாவதும் ஒரே சாலையில் அடங்கிவிடுகின்றன. படிப்பினை பெற நாடுகிறவர்களுக்கு அந்தச் சாலையில் ஒருமுறை நடந்து வருவதே போதும்.

அந்தப் பகுதியில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"அல்லாஹ்வின் கிருபையால் ஐவேளை தொழுது வருகிறேன். மது என்ற பொருளைக் கையால் தொட்டதில்லை. ஆனால் நான் ஓட்டுப் போட்டு வந்தவர்கள்தாம் மதுக்கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். என் தங்கையின் கணவர் வாரக் கூலியை அந்தக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தங்கை என் வாசலில் வந்து நிற்கும் போதெல்லாம், இந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டோ என்று நெஞ்சு உறுத்துகிறது. உண்டா, இல்லையா?"

இந்தக் கேள்வியை அந்தச் சகோதரர் ஒருவருக்கு மட்டும் உரியதாக நாம் கருதவில்லை. தேர்தல் நாளில் விரலில் மை வைத்துக்கொள்ளும் நம் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி இது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

யாருடைய சுமை யாருக்கு?

ஓர் ஆத்மாவின் சுமையை மற்றோர் ஆத்மா சுமக்காது என்பது மார்க்கத்தின் மாறாத அடிப்படை. சூரத்துல் அன்ஆமின் 164ஆம் வசனம் உட்படத் திருமறையின் பல இடங்களில் இது வலியுறுத்தப்படுகிறது. தந்தையின் குற்றத்திற்காக மகன் பிடிக்கப்பட மாட்டான். அவ்வாறே ஆட்சியாளனின் குற்றத்திற்காகக் குடிமகனும் பிடிக்கப்பட மாட்டான். இதை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தச் சகோதரருக்கு, "கவலை வேண்டாம், போய் வாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம்.

ஆனால் அதே திருமறை மற்றொரு காட்சியையும் நம் கண்முன் நிறுத்துகிறது. நரகத்தில் வீழ்ந்த ஒரு கூட்டத்தார், தங்கள் தலைவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கீழ்ப்படிந்ததால்தான் வழி தவறிப் போனோம், அவர்களுக்கு இரு மடங்கு வேதனை கொடு என்று இறைவனிடம் முறையிடுவதாக சூரத்துல் அஹ்ஸாப் கூறுகிறது. சூரத்து ஸபாவிலோ பெரியவர்கள், தம்மைப் பின்பற்றியவர்களைப் பார்த்து, நேர்வழி வந்த பிறகு உங்களை நாங்களா தடுத்தோம், நீங்களே குற்றவாளிகளாக இருந்தீர்கள் என்று கையை விரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சாராருக்கும் இரு மடங்கு உண்டு என்று சூரத்துல் அஃராஃபின் 38ஆம் வசனம் அறிவிக்கிறது. 'தலைவர்கள் செய்தார்கள், நாங்கள் என்ன செய்வோம்' என்ற சாக்கு அங்கே செல்லுபடியாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருக்கிறதா? இல்லை. தலைவன் செய்த பாவம் தலைவனுக்குரியது; அது நம் ஏட்டில் எழுதப்படாது. ஆனால் அவனைத் தலைவனாக்க நாம் செய்த செயல் நம்முடையது. அது நம் ஏட்டில்தான் எழுதப்படும். நாம் சுமப்பது அவனுடைய சுமையை அன்று, நம்முடைய சுமையையே. அப்படியானால் நாம் செய்த செயல்தான் என்ன? வாக்களிப்பது என்பது மார்க்கத்தின் பார்வையில் எத்தகைய செயல்?

வாக்கு – மூன்று பொறுப்புக்கள்

திருமறையின் தெளிவுரையான 'மஆரிஃபுல் குர்ஆன்' என்னும் நூலை எழுதிய முஃப்தீ முஹம்மது ஷஃபீ ஸாஹிப் (ரஹ்) அவர்கள், இக்காலத்துத் தேர்தல் வாக்கில் மூன்று அம்சங்கள் அடங்கியிருப்பதாக விளக்கியுள்ளார்கள். அவற்றை நம் வீட்டு வழக்கில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, வாக்கு ஒரு சாட்சியம், அதாவது ஷஹாதத். ஒரு பெயருக்கு எதிரே பொத்தானை அழுத்தும்போது, 'இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர், நம்பிக்கையானவர்' என்று நாம் சாட்சி சொல்கிறோம். தகுதியற்றவர் என்று தெரிந்திருந்தும் அவ்வாறு சொன்னால் அது பொய்ச்சாட்சி. பெரும் பாவங்களை எடுத்துரைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சி என்ற இடம் வந்ததும், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, இனி நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கூறியதாக புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கோர்ட்டுக் கூண்டில் ஏறிப் பொய் சொல்ல நடுங்குகிற நாம், ஓட்டுச் சாவடியின் அட்டை மறைப்புக்குப் பின்னால் மட்டும் ஏன் நடுங்குவதில்லை?

இரண்டாவது, வாக்கு ஒரு பரிந்துரை, அதாவது ஷஃபாஅத். நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையில் ஒரு பங்கும், தீய பரிந்துரை செய்பவருக்கு அதன் தீமையில் ஒரு பாகமும் உண்டு என்று சூரத்துன் நிஸாவின் 85ஆம் வசனம் கூறுகிறது. நம் சகோதரர் கேட்ட 'பங்கு' என்ற சொல்லுக்கு நேரான பதில் இந்த வசனத்தில் இருக்கிறது. இது அச்சுறுத்தலாக மட்டும் வரவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. நன்மையிலும் பங்கு உண்டு என்பதே இதில் முதலில் வருகிறது.

மூன்றாவது, வாக்கு ஒரு வகாலத். நமக்காகப் பேசவும், நமக்காகக் கையொப்பமிடவும் ஒருவரை நம் பிரதிநிதியாக நியமிக்கிறோம். நம் சொந்தக் காணியை விற்பதற்கு ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதானால் எத்தனை பேரிடம் விசாரிப்போம்! அங்கே இழப்பு வந்தால் அது நம் குடும்பத்தோடு போகும். இங்கேயோ ஊர் முழுவதற்குமான அதிகாரத்தை எழுதிக் கொடுக்கிறோம். இழப்பு வந்தால் அது ஊரார் அனைவருக்கும் வரும்.

இந்த மூன்றுக்கும் மேலாக வாக்கு ஓர் அமானத்தாகவும் இருக்கிறது. அமானத்துக்களை அவற்றுக்கு உரியவரிடம் ஒப்படைக்கும்படி சூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனம் ஏவுகிறது. மறுமை நாள் எப்போது வரும் என்று ஒரு கிராமவாசி வினவியபோது, அமானத் பாழாக்கப்படும்போது எதிர்பார்ப்பீராக என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அது எவ்வாறு பாழாக்கப்படும் என்று அவர் மீண்டும் கேட்டதற்கு, பொறுப்பு தகுதியற்றோரிடம் ஒப்படைக்கப்படுவதையே அடையாளமாகக் கூறினார்கள். இது புகாரீயில் உள்ளது. தம் அன்புத் தோழர் அபூதர் (ரலி) பதவி கேட்டபோது கூட, அவர் அதற்குப் பலவீனமானவர் என்றும், அது ஓர் அமானத் என்றும், உரிய முறையில் ஏற்று நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்க்கு அது மறுமையில் இழிவும் கைசேதமும் ஆகும் என்றும் எடுத்துச் சொன்னார்கள். ஒருவர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது, அந்தப் பொறுப்பைத் தாங்கும் திறமையும் வேண்டும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

நம் கண்ணெதிரே ஒரு வரலாறு

மதுவைப் பற்றிய கேள்வி என்பதால், தமிழ்நாட்டில் மதுவிலக்கின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

கிண்டியில் நினைவாலயம் கொண்டிருக்கும் ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948இல், அது மாகாணம் முழுவதற்கும் விரிவடைந்தது. காமராசரும் பக்தவத்சலமும் அண்ணாவும் முதலமைச்சர்களாக இருந்த காலங்களிலும் அது நீடித்தது. ஒரு தலைமுறை, மதுக்கடையைப் பார்க்காமலேயே வளர்ந்தது.

1971 மார்ச்சில் தேர்தல் வந்தது. தி.மு.கழகம் 184 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சர் மு. கருணாநிதி, கிண்டியை அடுத்த சைதாப்பேட்டைத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். முஸ்லிம் லீகும் அந்த அணியிலேயே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டு, கடைகள் திறந்தன. முதுமை எய்தியிருந்த ராஜாஜி, அதற்கு முன்னரே முதலமைச்சரின் இல்லத்திற்கு மழையில் சென்று, வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் அதே அரசால் மூடப்பட்டன. பிறகு 1981இல், முன்னர் 1967லும் 1971லும் கிண்டிக்கு மறுபக்கமுள்ள பரங்கிமலைத் தொகுதியில் வென்றிருந்த எம்.ஜி.ஆரின் ஆட்சியில், கடைகள் மீண்டும் திறந்தன. 1983இல் 'டாஸ்மாக்' நிறுவனம் உருவாயிற்று. 2003இல், ஜெயலலிதாவின் ஆட்சியில், சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

2016 தேர்தலில் இரு பெரும் கட்சிகளுமே மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்தன. 2016லும் 2017லும் 2023லும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் குறைக்கப்பட்டன. ஆயினும் 2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது அரசுகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். கடைகள் திறந்திருக்கும்போதே, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்ததையும் நாம் பார்த்தோம்.

ஒரு கட்சியைத் தூற்றவோ மற்றொன்றைப் போற்றவோ இதை நாம் எழுதவில்லை. திறந்தவரும் மூடியவரும், மூடிவிட்டு மீண்டும் திறந்தவரும் நம் வாக்கைப் பெற்றே வந்தார்கள் என்பதைத்தான் நினைவூட்டுகிறோம். மதுவின் விஷயத்தில் பிழிபவர், குடிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பது திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. குடிப்பவரோடு நில்லாமல், அதைச் சுற்றியுள்ள கைகளை எல்லாம் அந்த எச்சரிக்கை தொட்டுச் செல்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1968இல் தொடங்கப்பட்ட அரசு லாட்டரி 2003இல் ஒழிக்கப்பட்டது. கிண்டியில் நடந்துவந்த குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. அது திறமை விளையாட்டே என்று 1996இல் உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்ததால் அந்தச் சட்டம் பந்தயத்தை நிறுத்தவில்லை. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிற்று. கிண்டி மாளிகையிலிருந்து அது திருப்பி அனுப்பப்பட்ட பின், 2023 மார்ச்சில் இரண்டாம் முறையும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. இத்தகைய நற்செயல்களில், அவற்றை நாடி வாக்களித்தவருக்கும் நன்மையின் பங்கு உண்டு. இறைவனின் தராசு ஒரு தட்டை மட்டும் கொண்டதன்று.

எவருக்கு எவ்வளவு பங்கு?

வாக்களித்த அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நிய்யத்தைக் கொண்டே செயல்கள் மதிக்கப்படுவதால், நிலைகளைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

தீமை செய்பவர் என்று தெரிந்தும், அந்தத் தீமைக்காகவோ, தமக்குக் கிடைக்கும் ஆதாயத்திற்காகவோ, நம் ஜாதிக்காரர் நம் தெருக்காரர் என்பதற்காகவோ வாக்களித்தவர் முதல் நிலையினர். பொய்ச்சாட்சியும் தீய பரிந்துரையும் இவரிடம் ஒன்று சேருகின்றன. பாவத்திலும் வரம்பு மீறுதலிலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டாம் என்ற சூரத்துல் மாயிதாவின் கட்டளையை இவர் மீறியிருக்கிறார். இவர் தவ்பாச் செய்து மீள வேண்டும்.

விசாரித்து, நல்லவர் என்று நம்பி வாக்களித்து, பிறகு ஏமாற்றப்பட்டவர் இரண்டாம் நிலையினர். மறைவானதை அல்லாஹ்வே அறிவான். மார்ச் மாதத்தில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தும்போது ஆகஸ்டில் நடக்கப்போவதை அறியாதிருந்தவர், அதற்காகப் பிடிக்கப்பட மாட்டார். எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் இறைவன் சிரமப்படுத்துவதில்லை.

நிற்பவர்களில் ஒருவரும் முழுத் தகுதியுடையவராக இல்லாதபோது, தீமை குறைந்தவரைத் தேடி வாக்களித்தவர் மூன்றாம் நிலையினர். இரு தீமைகளில் ஒன்று தவிர்க்க முடியாததானால், பெரிய தீமையைத் தடுக்கச் சிறியதைத் தாங்கிக்கொள்வது ஃபிக்ஹுக் கலையின் அறியப்பட்ட விதியாகும். இவர் தம் நிய்யத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தாங்கிக்கொண்ட சிறிய தீமையை நாளடைவில் நன்மை என்று வாதாடத் தொடங்கிவிடக் கூடாது.

இங்கேதான் கேள்வியின் உயிர்நிலை இருக்கிறது. வாக்களித்த அன்றோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நன்மையும் தீமையும் கலந்து செய்யும் ஆட்சியாளர்கள் பின்னர் வருவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் காண்கிறோம். அத்தீமையை வெறுத்தவர் பொறுப்பிலிருந்து நீங்கினார், மறுத்துரைத்தவர் தப்பினார், ஆனால் அதில் திருப்தியுற்றுப் பின்பற்றிச் சென்றவரே சிக்கிக்கொண்டார் என்பது அந்த நபிமொழியின் கருத்து. அபூதாவூதில் மற்றோர் அறிவிப்பு. பூமியில் ஒரு பாவம் நடக்கும்போது அங்கேயே இருந்து அதை வெறுத்தவர், அங்கே இல்லாதவரைப் போன்றவர். எங்கோ இருந்தும் அதைக் கேள்விப்பட்டுத் திருப்தி அடைந்தவர், அங்கே இருந்தவரைப் போன்றவர்.

இதைக் கொண்டு நாம் அளந்து பார்த்தால், அந்த ஆட்சியாளருக்கு வாக்களிக்காதவர் கூட, அவருடைய தீமையைக் கண்டு திருப்தி அடைந்தால் பங்காளியாகி விடுகிறார். வாக்களித்தவரோ, அதை வெறுத்து, தம்மால் இயன்றவரை மறுத்துரைத்தால் தப்பிவிடுகிறார்.

மறுத்துரைப்பது என்றவுடன் கல்லெறிவதையும் பஸ்ஸை மறிப்பதையும் நினைக்க வேண்டியதில்லை. ஹழ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றதும், தாம் நேராக நடந்தால் துணை நிற்கவும், கோணினால் திருத்தவும் மக்களையே கேட்டுக்கொண்டார்கள். பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருகில் மதுக்கடை இருந்தால், தெருவார் அனைவரும், எந்தச் சமயத்தவராயினும், சேர்ந்து கையொப்பமிட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக் கல்யாணத்தில் மாலை போடப் போகும் ஜமாஅத்துத் தலைவர், அந்த மனுவையும் கையில் கொண்டு போகலாம். கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் ஓட்டை போடும்போது மேல்தட்டில் இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை புகாரீயில் இருக்கிறது. அந்தக் கப்பலில் முஸ்லிமும் மற்றவரும் சேர்ந்துதான் பயணம் செய்கிறோம்.

நீட்டிய கை

இனி, சொல்ல வெட்கப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

2016ஆம் ஆண்டு அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டதன் காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை ஒத்திவைத்துப் பின்னர் ரத்துச் செய்தது. நவம்பரில்தான் தேர்தல் நடந்தது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் அதே காரணத்தால் ரத்தாயிற்று. 2019 ஏப்ரல் 18ஆம் நாள் நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து, இரண்டு நாளைக்கு முன்னர் குடியரசுத் தலைவரின் உத்தரவால் நிறுத்தப்பட்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் நடைபெற்றது. பணத்தின் காரணமாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

அரவக்குறிச்சித் தொகுதியில் பள்ளப்பட்டி இருக்கிறது. வேலூர்த் தொகுதியில் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. உலமாக்களும் அரபி மதரஸாக்களும் நிறைந்த ஊர்கள் இவை. அங்குள்ளவர்கள் வாங்கினார்கள் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. யார் வாங்கினார், யார் மறுத்தார் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் கதவைத் தட்டிக் கவரை நீட்டியிருந்தால், நீட்டப்பட்ட கவரைத் திருப்பிக் கொடுத்த வீடு நம் வீடாக இருந்திருக்குமா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.

லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். நாட்டின் சட்டமும் அவ்வாறே இருவரையும் குற்றவாளிகளாகக் காண்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின்படி, தேர்தல் லஞ்சத்திற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'அது லஞ்சமல்ல, அன்பளிப்பு' என்பார் சிலர். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஓர் அதிகாரி, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். தேர்தல் இல்லாத மாதத்தில் யாராவது நம் வீட்டுக் கதவைத் தட்டிப் பணம் கொடுத்ததுண்டா?

'எல்லாரிடமும் வாங்கிக்கொள்வேன், என் மனச்சாட்சிப்படி போடுவேன்' என்பார் வேறு சிலர். விலை வாங்கிய பின் சாட்சியம் ஏது? வாங்கியபடியே போட்டால் சாட்சியை விற்றவராகிறார். போடாவிட்டால் வாக்கை முறித்தவராகிறார். இரண்டிலும் ஈடேற்றமில்லை. மறுமையில் இறைவன் ஏறிட்டும் பார்க்காத மூவரில் ஒருவர், உலக ஆதாயத்திற்காகவே தலைவருக்கு பைஅத் செய்தவர். கொடுத்தால் நிறைவேற்றுவார், கொடுக்காவிட்டால் மீறுவார் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டது இன்றைய கவரைப் பார்த்துச் சொன்னதுபோல் இல்லையா?

இன்னொன்றும் யோசியுங்கள். செலவழித்து வென்றவர், செலவழித்ததை எடுக்காமல் விடுவாரா? நம் தெருச் சாலைக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் உரிய பணத்திலிருந்தே அதை எடுப்பார். ஒரு நாள் கறிக்கும் ஒரு புடவைக்கும் ஐந்தாண்டை விற்ற பின், அவரைத் தட்டிக் கேட்க நமக்கு நாக்கு எழுமா?

'என் ஒரு ஓட்டால் என்ன?'

இந்தச் சலிப்பும் அமானத்தைப் பாழாக்கும் ஒரு வழியே. 1967இல், இன்று கிண்டியில் நினைவாலயம் கொண்டிருக்கும் காமராசர், விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். 2021இல், கிண்டிக்கு அடுத்துள்ள தியாகராய நகர்த் தொகுதி 137 வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. 137 வாக்குகள் என்பவை, ஒரு தெருவில் வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள்.

சாட்சியத்தை மறைப்பவரின் இதயம் பாவத்திற்குள்ளானது என்று சூரத்துல் பகராவின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. தகுதியுள்ள ஒருவர் நின்றிருக்கும்போது, அவருக்காகச் சாட்சி சொல்லாமல் வீட்டில் படுத்துறங்குவது சாட்சியத்தை மறைப்பதைச் சேர்ந்ததே. உண்மையிலேயே எவரும் தகுதியில்லை என்று கண்டால், 2013 முதல் 'மேற்கண்ட எவருமில்லை' என்ற பொத்தானும் இருக்கிறது. அதுவும் ஒரு சாட்சியமே. ஆனால் சோம்பலுக்கு அதைப் போர்வையாக்கிக் கொள்ளக் கூடாது.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. தேர்தலுக்கு முன், வீட்டார் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, நிற்பவர்களைப் பற்றி விசாரித்து அறிய வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்துக்களையும் பிரமாண பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அறியாமல் சொல்லும் சாட்சி சாட்சியாகாது.

2. பெண்களின் வாக்கு பெண்களுக்கே உரிய அமானத். கணவரோ தந்தையோ ஆலோசனை கூறலாம், கட்டாயப்படுத்த உரிமையில்லை. மறுமையில் அந்தப் பெண்மணியின் வாக்குக்குப் பதில் சொல்பவர் அவரேயன்றிக் கணவரல்லர். நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களிடம் தனியே பைஅத் பெற்றதை சூரத்துல் மும்தஹினா கூறுகிறது. மூன்றாம் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், பெண்களின் கருத்தையும் கேட்டறிந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

3. நம் சமுதாயத்தவர் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரைத் தாங்குவதும், வேறு சமயத்தவர் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரைத் தள்ளுவதும் நீதியன்று. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியாகச் சாட்சி சொல்லுமாறு சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

4. பணமோ பொருளோ வந்தால் வாசலிலேயே மறுத்துவிட வேண்டும். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதரஸாவில் ஓராண்டு படிக்கும் பாடத்தை அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

5. விரலில் வைக்கும் மையினால் ஒளூக் கூடாது போகுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். மருதாணியைப் போல் வெறும் நிறமாகத் தோலிலும் நகத்திலும் ஊறி நிற்பது தண்ணீரைத் தடுப்பதில்லை. எனவே ஒளூவுக்குக் கேடில்லை. தண்ணீர் படாதவாறு படலமாக எதுவும் ஒட்டியிருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு ஒளூச் செய்ய வேண்டும்.

6. தேர்தல் முடிந்த பின், நம் பிரதிநிதி என்ன செய்கிறார் என்பதைக் கவனித்து வரவேண்டும். நல்லது செய்தால் ஒரு கடிதம் எழுதிப் பாராட்டுங்கள். தவறினால் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். வக்கீலை வைத்துவிட்டு வழக்கையே மறந்துவிடுபவர் உண்டா?

கேள்வி கேட்ட சகோதரருக்கு

அன்பரே! தங்களைப் பற்றி நாம் கூறக்கூடியது இதுதான். மதுக்கடையைத் திறந்தவரின் பாவம் அவருக்குரியது. கூலியைக் கொண்டுபோய்க் கொடுப்பவரின் பாவம் அவருக்குரியது. தங்களுடைய வாக்கு அறிந்து செய்த பொய்ச்சாட்சியா, அறியாமல் ஏமாந்ததா, பெரிய தீமைக்குப் பயந்து செய்ததா என்பது தங்களுக்கும் தங்கள் இறைவனுக்கும் தெரியும். நெஞ்சு உறுத்துகிறது என்றீர்களே, அதை ரஹ்மத் என்று கருதுங்கள். வெறுப்பவரின் அடையாளம் அது. திருப்தியுற்றவருக்கு உறுத்தல் வராது.

ஆனால் உறுத்தலோடு நின்றுவிடாதீர்கள். தங்கையையும் பிள்ளைகளையும் ஆதரியுங்கள். மைத்துனரை வெறுத்துத் தள்ளாமல், குடியை விடுவிக்கும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். தெருவாரைக் கூட்டி அந்தக் கடைக்கெதிரான மனுவில் முதல் கையொப்பத்தைத் தாங்கள் இடுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு யார் வந்தாலும் அந்த மனுவின் நகலை அவர் கையில் கொடுத்து, பதிலைக் கேட்டுக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

நம் ஒவ்வொருவரையும் மேய்ப்பாளர் என்றும், தம் பொறுப்பிலுள்ளவை குறித்து ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். முதலமைச்சரிடம் மாநிலத்தைப் பற்றிக் கேட்கப்படும். நம்மிடம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுச் சாவடியில் நாம் தனித்து நின்ற அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிக் கேட்கப்படும். நாம் யாருக்குப் போட்டோம் என்பது அந்த அட்டை மறைப்புக்கு வெளியே எவருக்கும் தெரியாது. அறிந்தவன் ஒருவன் மட்டும் இருக்கிறான்.

யா அல்லாஹ்! தகுதியுடையோரை அறியும் அறிவையும், அறிந்தபடி சாட்சி சொல்லும் துணிவையும், தவறியபோது மீளும் தவ்பாவையும் எங்களுக்கும் எங்கள் வீட்டாருக்கும் தந்தருள்வாயாக! எங்கள் ஊரையும் நாட்டையும் நீதியாளர்களின் கையில் ஒப்படைப்பாயாக! ஆமீன்.